காற்று வருகிற ஓட்டை

முருகன் துணை

மோர்னிங்சைட்
கனடா, 17.11.2025

தம்பி கிருபனுக்கு,

அக்கா பாலேஸ்வரி எழுதிக்கொள்வது. கடிதத்தைக் கண்டதும் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்காதே. தைப்பூசத்துக்கு அடுத்த நாள் கோயிலில் கற்பூரத்தின் மேல் கையை வைத்து, இனி என் தம்பியோடு கதைக்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். எழுதலாமோ என்று ஐயரைக் கேட்டேன். "வாயாலதானே சத்தியம் பண்ணினீங்கள் அம்மா, கையால எழுதினால் முருகன் ஒண்டும் சொல்ல மாட்டார்" என்று சிரித்தார். அதனால் எழுதுகிறேன். போன் அடிக்காதே. அடித்தாலும் எடுக்க மாட்டேன்.

விசயம் பொயிலர். தைப்பூசச் சாப்பாட்டுக்கு வந்த சனத்துக்கு நடுவில் நீ அணைத்து, பாவிக்கக்கூடாது என்று சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போனாயே, வீட்டைச் சூடாக்குகிற அதே எண்ணெய்ப் பொயிலர். இலையில் கையை வைத்த சனம் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு எழும்பினது. உன் அத்தான் அன்றைக்குத்தான் நெஞ்சு ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். அந்நியன் செய்ய யோசிக்கிறதைக் கூடப் பிறந்தவன் செய்தாய். சரி, அது கிடக்கட்டும்.

அட்டையைத் திருத்த வேலைக்கு வருகிற ராகுலன் கழற்றினான். அவனிடம் உன்னைப்போல லைசென்ஸ் இல்லை; ஆனால் கூப்பிட்ட உடனே வருவான். அட்டை கட்டின வீட்டுக்கு எண்ணெய்க் கொம்பனி எண்ணெய் தராது என்றபடியால் எண்ணெயையும் அவனே கானில் கொண்டுவந்து ஊற்றுகிறான். போன குளிருக்கு ஓடினது. இந்த முறை குளிர் தொடங்கினதும் பத்தி எரிந்து, பிறகு இருமி அணைகிறது. கீழே போய்ச் சிவப்புப் பட்டனை அமத்தினால் திரும்பப் பத்தும். எண்ணெய் மணம் சாமி அறை வரைக்கும் வருகிறது. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்த் தாங்கிக்குள் குச்சி விட்டு அளந்து எழுதி வருகிறேன். போன வருசத்தை விட எண்ணெய் கூடப் போகிறது, சூடு குறைவு. எண்ணெய் விசிறுகிறதுக்கு எந்த நொசில் போட வேண்டும், பட்டனை எத்தனை தரம் அமத்தலாம் என்று எழுதி அனுப்பு. வர வேண்டாம்.

வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் இப்போது துர்க்கா, மிதுனன் என்று ஒரு சோடி வாடகைக்கு இருக்கிறார்கள். வவுனியாப் பிள்ளைகள். அவள் பேக்கரி ஒன்றில் பாண் அடுக்குகிறாள், அவன் வெயார்ஹவுஸில் பின்னேர ஷிஃப்ற். அவள் நல்ல சாமிப் பிள்ளை. அவர்களின் படுக்கை அறை பொயிலர் அறையை ஒட்டினது. பொயிலருக்குப் பக்கத்தில் வெளிச்சுவரில் கை நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கிறதே, எந்த முட்டாள் வைத்தானோ, அதால் ஊசி மாதிரிக் காற்று வருகிறது. என் பழைய கம்பளியைச் சுருட்டி இறுக்கி அடைத்துவிட்டேன். "அன்ரி, இண்டைக்குத்தான் கால் நீட்டிப் படுத்தனான்" என்று வந்து சொன்னாள்.

அக்கா,
பாலேஸ்வரி


யூனியன்வில்
24.11.2025

அக்கா,

உன் கடிதம் கிடைத்த உடனே போன் அடித்தேன். வெட்டினாய். சனிக்கிழமை நேரே வந்தேன். பெல் அடித்தேன். அத்தான் உள்ளே "ஆரப்பா அது?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. யன்னல் சீலை விலகினது. நீ ஒரு பேப்பர்த் துண்டைக் கண்ணாடியில் பிடித்தாய்: 'எழுது.' அறுபது கடந்த மனுசி! வீதியில் நாயோடு போன வெள்ளைக்காரன் நின்று பார்த்தான். நான் கையைக் காட்டிவிட்டுக் காரில் ஏறினேன். வேறு என்ன செய்ய?

எழுதுகிறேன்.

நொசிலைப் பற்றிக் கேட்காதே. பிழை நொசிலில் இல்லை. சிம்னியின் உட்குழாய் உடைந்து விழுந்து பாதி அடைபட்டிருக்கிறது. எரிகிற புகை மேலே போக வழி இல்லாமல் வீட்டுக்குள் திரும்புகிறது. அதனால்தான் அன்றைக்கு அணைத்தேன். சனத்துக்கு முன்னால் அணைத்தது பிழை என்றால் பிழைதான். சனம் போகும்வரை பொறுத்திருக்கலாம் என்று நீ சொல்லுவாய். என்னால் பொறுக்க முடியவில்லை. நான் பார்த்த வீடுகளை நீ பார்க்கவில்லை.

சிவப்புப் பட்டனை ஒருதரம் அமத்தலாம். பத்தாவிட்டால் விடு. திரும்பத் திரும்ப அமத்தினால் உள்ளே எண்ணெய் தேங்கும், பத்துகிறபோது வெடிக்கும்.

சுவரில் இருக்கிற ஓட்டையை முட்டாள் வைக்கவில்லை. பொயிலர் மூச்சு விடுவதற்கு வைத்தது. கம்பளியை உடனே எடு.

ராகுலனை இனி உள்ளே விடாதே. என்னோடு வேலை செய்கிற ஒருவரின் நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். அவரோடு கதைப்பதற்கு உனக்குச் சத்தியம் இல்லைத்தானே? கூப்பிடு.

பேஸ்மென்ற் சுவரில் நான் பூட்டித்தந்த காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று பார். பொயிலரால் வருகிற அந்த வாயுவுக்கு மணம் கிடையாது.

நான் மேலிடத்துக்கு அறிவித்தால் நாளைக்கே வந்து மூடிவிடுவார்கள். இரண்டாந் தரமும் அக்காவின் வீட்டுச் சூட்டை அணைத்தவன் என்ற பேர் எனக்கு வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கிருபன்


முருகன் துணை

மோர்னிங்சைட்
5.12.2025, வெள்ளி

தம்பிக்கு,

இது நல்ல சேதி சொல்கிற கடிதம். கோபமாக எழுத வரவில்லை.

முதலில் பொயிலர். நீ தந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். நல்ல மனுசன்தான். சிம்னிக்குள் புதுக்குழாய் விட வேண்டும், தாங்கி மாற்ற வேண்டும், அதற்குள் வேறு சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கோ என்றார். அத்தானின் மருந்துச் செலவுக்கு நடுவில் அதெல்லாம் வருகிற கோடையில்தான் நடக்கும். ராகுலனைத்தான் கூப்பிட்டேன். என்னவோ திருகினான், ஊதினான். இப்போது இருமல் இல்லை, அணைவதும் இல்லை. எண்ணெய் மணம் துப்புரவாகப் போய்விட்டது. நீ பயப்படுத்தின அளவுக்கு ஒன்றும் இல்லை.

அலாரம் சும்மா கத்துகிறது தம்பி. வெள்ளிக்கிழமை சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டுப் பேஸ்மென்ற் வரைக்கும் காட்டுவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். தணலைக் கண்டால் அதற்குப் பேய் பிடிக்கும். போன மாதம் துர்க்கா பயந்து சப்பாத்தில்லாமல் வெளியே ஓடினாள். கழற்றி லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

இப்போது நல்ல சேதி. துர்க்காவுக்கு விசேஷம் போல இருக்கிறது. கலியாணம் கட்டி நாலு வருசம், சின்னக் கோயில் பெரிய கோயில் என்று பாராமல் எல்லாக் கோயிலும் கும்பிட்ட பிள்ளை. காலையில் எழும்பினால் தலையிடி, வயிற்றைப் பிரட்டிச் சத்தி, தலைச்சுற்று. வேலைக்குப் போனால் நன்றாக இருக்கிறாளாம். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தொடங்கிவிடுகிறது. "அன்ரி, உங்கட குழம்பு மணம்தான் ஒத்துவரேல்லைப் போல" என்று பகிடி விட்டாள். "உன்ர வயித்துக்க இருக்கிறவர் கனடாக்காரர், அவருக்குப் பிட்சா வேணும்" என்றேன். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். கடையில் குச்சி வாங்கிப் பார்த்தாளாம், இல்லை என்று காட்டினதாம். "அந்தக் குச்சிக்கு என்ன தெரியும், நாள் போகட்டும்" என்றேன். மூன்று மாதம் ஆகாமல் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு எழுதுவது சொன்னதாகாது. அவளுக்காகப் பாற்குடம் எடுப்பதாக நேர்ந்துவிட்டேன். இஞ்சி இடித்து ரசம் வைத்துக் கொடுக்கிறேன், அதுதான் வயிற்றில் நிற்கிறது.

ஒரு கேள்வி. நீ சொன்னதற்காகக் கம்பளியை எடுத்தேன். ஆனால் அந்தப் பிள்ளை இந்த நிலையில் நடுங்குகிறதைப் பார்க்க முடியவில்லை. ஓட்டையை முழுக்க அடைக்காமல், பழைய சீலைத் துணியை மட்டும் வைத்து, அவள் படுக்கிற நேரத்தில் மறைத்தால் பிழையோ? மறக்காமல் உடனே எழுது. நீ எழுதுகிறபடி செய்வேன்.

அக்கா


முருகன் துணை

மோர்னிங்சைட்
13.12.2025

தம்பி,

பதிலைக் காணவில்லை. நத்தார்க் காலத்தில் தபால் பிந்தும் என்று இருந்தேன். பிறகு உன் குணத்தை யோசித்தேன். பிழை என்றால் நீ மூன்று பக்கத்துக்குத் திட்டி எழுதியிருப்பாய். எழுதாதபடியால் பிழையில்லை என்று எடுத்துக்கொண்டு துணியை வைத்தேன். குளிர் கூடினபடியால் இப்போது பகலிலும் எடுப்பதில்லை.

துர்க்காவுக்கு வாந்தி கூடிவிட்டது. முகம் சிவந்து கிடக்கிறது, நல்ல நிறமாகத்தான் இருக்கிறாள். நத்தாருக்கு முதல் டொக்டரிடம் போகிறார்கள். அதுவரைக்கும் பேக்கரிக்கு லீவு போட்டுப் படு என்று நான்தான் சொன்னேன். "லீவு போட்டால் வேலை போயிடும் அன்ரி" என்றாள். "வேலை வரும் போகும்" என்றேன். இன்றைக்கு நாள் முழுக்கக் கீழே படுத்திருக்கிறாள்.

அத்தானுக்கும் இரண்டு நாளாகத் தலை பாரம். குளிர்மாற்றம்தான்.

உன்னுடைய மௌனமும் ஒரு சத்தியமோ?

அக்கா


20.12.2025
ஆஸ்பத்திரி

அக்கா,

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாய். வாய்க்கு ஒக்சிஜன் போட்டிருப்பதால் நீ கதைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனபடியால் இதை எழுதி நேர்ஸிடம் கொடுக்கிறேன்.

அத்தான் கீழ் மாடியில். பயமில்லை. மிதுனன் பின்னேர ஷிஃப்றில் நின்றபடியால் தப்பினான்.

துர்க்கா இல்லை அக்கா.

நான் போன மாதக் கடைசியில் வடக்கே சட்பரிக்கும் மேலே சுரங்க முகாம் ஒன்றில் வேலைக்குப் போனேன். உனக்கு அதை எழுதவில்லை. கோபம். உன் இரண்டு கடிதமும் உன் மச்சாள் மெலனி மேசையில் வைத்திருந்தாள், கடன் அட்டைத் தாள்களோடு. அக்கா தம்பி எழுத்தைத் திறக்கக்கூடாது என்று அவள் நினைத்தாள். நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்துக் கழற்ற முதல் திறந்தேன். 'வேலைக்குப் போனால் நன்றாக இருக்கிறாளாம்' என்ற இடத்துக்கு வந்ததும் போனை எடுத்தேன்.

அது பிள்ளை இல்லை அக்கா. அது பொயிலர்.

உனக்குப் போன் அடித்தேன். வெட்டினாய். திரும்ப அடித்தேன், வெட்டினாய். மிதுனனின் நம்பரோ துர்க்காவின் நம்பரோ என்னிடம் இல்லை. 911க்கு அடித்து உன் அட்ரஸைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தேன். வழியெல்லாம் உனக்கு அடித்துக்கொண்டு வந்தேன். ஃபயர்காரர் எனக்கு முதலே வந்துவிட்டார்கள். நீ தணற்சட்டியோடு கதவைத் திறந்தாயாம்.

என்னுடைய முதற் கடிதத்தில் சிம்னியும் குழாயும் எழுதினேன். தலையிடிக்கும், சத்தி வரும், வெளியே போனால் சுகமாக இருக்கும் என்று ஒரு வரி எழுதவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைத்தேன்.

ஓட்டையைத் துணியால் மறைத்தால் பிழையோ என்று கேட்டிருந்தாய்.

பிழை.

கிருபன்


மோர்னிங்சைட்
29.12.2025

தம்பி,

வீட்டுக்கு வந்துவிட்டோம். மின்சாரச் சூடாக்கி வைத்து ஒரு அறையில் இருக்கிறோம். பொயிலருக்கு வேறு அட்டை கட்டியிருக்கிறார்கள். அத்தான் கதைக்கிறாரில்லை. மோர்க் கஞ்சி கொடுத்தால் குடிக்கிறார்.

நீ அடித்தபோது நான் பூசைக்குத் தணல் போட்டுக்கொண்டிருந்தேன். மேசையில் போன் அதிர்ந்தது. உன் பேர் தெரிந்தது. வெட்டினேன். திரும்பத் திரும்ப வந்தபோது, பார், தம்பி இறங்கி வருகிறான், என்னைச் சத்தியம் தவற வைக்கப் பார்க்கிறான் என்று நினைத்துப் போனைக் குப்புறக் கவிழ்த்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். நான் சொல் தவறவில்லை என்று அவருக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. எனக்குள் சந்தோசமாகவும் இருந்தது தம்பி. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த நேரம் துர்க்கா கீழே உயிரோடு இருந்தாளோ? உனக்குத் தெரிந்திருக்கும். எழுத வேண்டாம். இல்லை, எழுது.

செத்தவீட்டுக்கு என்னை வரவேண்டாம் என்று மிதுனனின் சிநேகிதர்கள் சொல்லி அனுப்பினார்கள். சாமி அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

வயிற்றில் பிள்ளை இருந்ததோ என்று ஒருத்தரும் சொல்கிறார்கள் இல்லை. நான் யாரிடம் கேட்பது?

பாலேஸ்வரி


யூனியன்வில்
8.1.2026

அக்கா,

கேட்டதற்கு முதலில் பதில். ஃபயர்காரர் உள்ளே போனபோது நாடி இருந்தது. ஆஸ்பத்திரியில்தான் உயிர் போனது.

பிள்ளை இருக்கவில்லை. பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர் எழுதிவிட்டார். மிதுனனுக்கும் அறிவித்திருப்பார்கள். அவன் ஆங்கிலக் கடிதத்தை விளங்கி வாசித்தானோ, வாசிக்கவே இல்லையோ தெரியாது.

இனி எழுதுவதைக் கவனமாக வாசி. வக்கீல் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். விசாரணை வரும். நீ பொலிசுக்கோ வேறு அதிகாரிகளுக்கோ அவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. மிதுனனோடு கதைக்கவே கூடாது. போனும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் ஒத்துக்கொண்டதாக எடுப்பார்களாம். ராகுலன் தான் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை என்கிறான். அட்டையைக் கழற்றினது யார், ஓட்டையை அடைத்தது யார் என்பதற்கு இப்போதைக்கு ஒருவரும் சாட்சி இல்லை. உன்னுடைய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அதை நான் யாருக்கும் காட்டவில்லை. என்ன செய்வதென்று யோசிக்கிறேன்.

வாயைத் திறவாதே. உனக்கு அது பழக்கம்தானே என்று எழுதி, பிறகு வெட்டினேன். வெட்டினதும் தெரிகிறது, கிடக்கட்டும்.

நான் உனக்காகத்தான் சொல்கிறேன். அத்தானை இந்த வயதில் யார் பார்ப்பது?

கிருபன்


மோர்னிங்சைட்
16.1.2026

தம்பி கிருபனுக்கு,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பொங்கலன்று பொங்கவில்லை. அத்தானுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு பஸ் எடுத்து மல்வேர்னுக்குப் போனேன். மிதுனன் அங்கே சிநேகிதன் ஒருவனின் வீட்டில் இருக்கிறான். கதவைத் திறந்தவுடன் பழக்கத்தில் "வாங்கோ அன்ரி" என்றான். பிறகுதான் நான் யார் என்பது அவனுக்கு நினைவு வந்தது போல. கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

நான் வாசலிலேயே சொன்னேன். "ஓட்டைக்குத் துணி வைச்சது நான். அலாரத்தைக் கழட்டினது நான். சிவப்பு அட்டையைக் கழட்டுவிச்சது நான். தம்பி அடிக்க அடிக்கப் போனை வெட்டினதும் நான். வேலைக்குப் போகாமப் படு எண்டதும் நான்தான்."

அவன் ஏசுவான் என்று இருந்தேன். "அப்ப பிள்ளை?" என்று கேட்டான்.

"பிள்ளை இல்லையப்பன். ஒருநாளும் இருக்கேல்லை. சத்தியும் தலைச்சுத்தும் அந்தக் காத்தால வந்தது. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

சப்பாத்துத் தட்டில் இருந்துவிட்டான். "குச்சியில இல்லை எண்டுதான் காட்டினது அன்ரி. நான் அப்பவே ஃபமிலி டொக்டரிட்டப் போவம் எண்டனான். 'அன்ரி சொன்னாச் சரியா இருக்கும், அவ கண்டு பிடிப்பா' எண்டு துர்க்கா சொன்னவ."

உள்ளே ரிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"போங்கோ எண்டு சொல்லத்தான் வாய் வருது," என்றான். "ஆனா ஒரு வேலை இருக்கு. அவவின்ர அம்மாவுக்கு நான் ரெண்டு உயிர் போயிட்டுதெண்டு சொல்லிப்போட்டன். அங்க மனுசி பேரப்பிள்ளைக்கும் சேத்து அழுது கொண்டிருக்குது. டொக்டர்ர கடிதம் வந்து கிடக்கு, எனக்குத் திருப்பிச் சொல்ல ஏலாது. நீங்கள்தானே சொன்னனீங்கள். நீங்களே சொல்லுங்கோ."

நம்பரை அமத்திப் போனை என்னிடம் நீட்டினான். வக்கீல் சொன்னதெல்லாம் எனக்கு நினைவு இருந்தது தம்பி. மறந்துபோய்ச் செய்தேன் என்று நினைக்காதே. எனக்கு ஒரு சத்தியம் போதும், இனி வக்கீலுக்கும் ஒரு சத்தியம் என்னால் பண்ண முடியாது. கடிதங்களைக் கேட்கிறவர்களுக்குக் கொடு. வெளிக்கிட முதலே அத்தானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "போ" என்று ஒரு சொல்லுத்தான் சொன்னார். மாதக்கணக்குப் புத்தகத்தையும் மருந்து நேரங்களையும் மெலனிக்கு விளங்குகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். என்னைப் பொலிஸ் கொண்டுபோனால் அவரை நீ பார்க்க வேண்டி வரும்.

துர்க்காவின் தாய் போனை எடுத்தா. இன்னார் என்று சொன்னேன். "ஐயோ, மேல் வீட்டு அன்ரியோ? பிள்ளை உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும். இஞ்சி ரசம் வைச்சுத் தாறா, தன்ர அம்மா மாதிரி எண்டு. நீங்கள் பாத்த பார்வைக்குக் கடவுள் உங்களுக்குக் குறை வைக்க மாட்டார்" என்றா. நான் இடையில் புகுந்து நிறுத்தியிருக்க வேண்டும். அவ சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு சொன்னேன். பிள்ளை இல்லை என்பதை முதலில். பிறகு ஓட்டையை, துணியை, அலாரத்தை, போனை. மிதுனனிடம் சொன்ன அதே ஒழுங்கில்.

அவ குளறவில்லை. "கடைசியா என்ன சாப்பிட்டவ?" என்று கேட்டா.

"கொஞ்சச் சோறும் ரசமும். மத்தியானம் நான்தான் இறக்கிக் கொடுத்தனான்."

"முழுக்கச் சாப்பிட்டவவோ?"

"ஓம். சாப்பாட்டுக் கோப்பையை நான்தான் கழுவினனான்."

அதற்குப் பிறகு போனில் அவவின் மூச்சு மட்டும் வந்து வந்து போனது. மிதுனன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சப்பாத்துத் தட்டில் இருந்தான். அந்தத் தாய் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பாலேஸ்வரி